மதிலைக் காக்கப் போராடியவரின் வீடும் இடிந்தது... பெய்ஜிங் தொலைத்த வாசல்கள்!

பெய்ஜிங் மெட்ரோவின் 2-ம் தடம் ஒரு வட்டப்பாதை. அதிலுள்ள 18 ஸ்டேஷன்களில் 11-ன் பெயர்கள் 'மென்' என்று முடிகின்றன. சீன மொழியில் 'மென்' என்றால் வாசல். ஆனால், இறங்கிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் வாசலே இருக்காது. ஒரு காலத்தில் நகரைச் சுற்றி நின்ற மதிலின் தடத்தில்தான் இந்த ரயில் ஓடுகிறது.

முற்றம் வைத்த வீடுகள்

பழைய பெய்ஜிங்கின் நடுவே, 1420-ல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனை. அதைச் சுற்றி 'ஹுட்டோங்' எனப்படும் குறுகிய சந்துகள். சந்துகளில் 'சிஹெயுவான்' வீடுகள். நடுவில் முற்றம், நாலு பக்கமும் அறைகள். தெற்கு பார்த்த பெரிய அறை வீட்டுப் பெரியவர்களுக்கு. குளிர்காலத்தில் அங்குதான் நல்ல வெயில் விழும். கிழக்கு, மேற்கு அறைகள் பிள்ளைகளுக்கு.

கேட்காமல் போன குரல்

1950-ல் கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங், நகர வடிவமைப்பாளர் சென் ஜான்ஷியாங்குடன் சேர்ந்து ஒரு திட்டம் கொடுத்தார். 'அரசு அலுவலகங்களைப் பழைய நகருக்கு மேற்கே கட்டுங்கள். பழைய நகரை அப்படியே விடுங்கள்' என்பதுதான் அதன் சாரம். மதிலின் மேற்பரப்பை மக்கள் உலாவும் பூங்காவாக்கலாம் என்றும் சொன்னார் லியாங். அரசு ஏற்கவில்லை. மதில் படிப்படியாக இடிக்கப்பட்டது.

சோகம் அதோடு முடியவில்லை. 1930-களில் லியாங்கும் அவர் மனைவி லின் ஹுயினும் வாழ்ந்த ஹுட்டோங் வீடும் 2012-ல் இடிக்கப்பட்டது. லின்னும் கட்டடக்கலை அறிஞர்தான்.

வானைத் தொடும் புது முகம்

அதே 2012-ல்தான் 234 மீட்டர் உயர சீன அரசுத் தொலைக்காட்சித் தலைமையகம் முழுமையடைந்தது. இரண்டு சாய்ந்த கோபுரங்கள் உச்சியில் இணையும் அந்தக் கட்டடத்துக்கு உள்ளூர் மக்கள் வைத்த பட்டப்பெயர், 'பெரிய டிரவுசர்'! அருகிலேயே 528 மீட்டர் உயரத்தில் 'சைனா ஜுன்' கோபுரம். பழங்கால வெண்கல மதுக் கலயத்தின் வடிவத்தைத் தழுவியது அது.

தாமதமாக வந்த ஞானம்

பழைய நகரை இனி இடிக்கக் கூடாது என்கிறது 2017-ல் வெளியான பெய்ஜிங் நகரத் திட்டம். 2019-ல் மாநகர அரசின் தலைமையகமும் ஊருக்கு வெளியே, டோங்ஜோவுக்கு இடம்பெயர்ந்தது. லியாங் சொன்னது மேற்கே, போனது கிழக்கே. அதற்கு ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆயின.

தென்கிழக்கு மூலையில் தப்பிப் பிழைத்த மதில் துண்டு ஒன்று இன்று பூங்காவாக இருக்கிறது. அங்கே மக்கள் உலாவுகிறார்கள். லியாங் ஆசைப்பட்டதும் அதைத்தான்!