வாசிக்க முடியாத ஏடு

எழுத்து வாசிப்பதற்கே உரியது என்பது என்போன்ற தமிழாசிரியர்க்கு ஐயத்துக்கு இடமற்ற உண்மை. கால் நூற்றாண்டுக்கு மேலாக அதனையே கற்பித்தும் வந்தேன். அண்மையில் மாணவன் ஒருவன் ஓவிய நூலொன்றை என்முன் விரித்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வினவினான்.

உற்று நோக்கினேன். வெளிறிய நிலத்தின்மீது சிற்றெழுத்துகள் வரிவரியாக ஓடின. மலையாள எழுத்தின் சாயல் இருந்தது. ஆயின் அவை சொல்லாகக் கூடவில்லை. இடையிடையே சாதகக் கட்டங்கள், எண்கள், கணிதக் குறிகள், ஒரு பறவை. விடை கூற இயலாமல் நூலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவ்வோவியத்தை ஆக்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். மெரீனாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த பெருங்கலைஞரே அவ்வாசிரியர். பின்னர் 1957இல் பணிக்கரே அக்கலைக்கூடத்தின் தலைவரானார். 1966இல் கலைஞர் பலரைக் கூட்டிச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்திற் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை நிறுவினார். அதற்குரிய பொருளை அவர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றே ஈட்டினர் என்பது நினைக்கத்தக்கது.

பணிக்கர் தொடக்கத்தில் தென்னையும் நீர்நிலையும் விளங்கும் கேரளக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். 1954இல் ஐரோப்பா சென்றுவந்தார். மேனாட்டார் புதுமையைப் பின்பற்றினாற் போதாது, நம் மண்ணிலிருந்தே ஓர் ஓவியமொழி பிறத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வலுத்தது. அம்மொழி கிடைத்த இடம் வியப்பானது. மாணவர் ஒருவரின் கணிதக் குறிப்பேட்டுப் பக்கம் அவர் கண்ணிற் பட்டதாம். கணக்கை அவர் பார்க்கவில்லை; எண்ணும் குறியும் தாளில் அமர்ந்திருந்த அழகையே பார்த்தார். அவ்வாறு 1963இல், ஐம்பத்திரண்டாம் அகவையில், 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கி, 1977இல் மறையும் வரை வளர்த்தார். எண்ணெய் வண்ணத்தை நீர்வண்ணம்போல் மென்மையாகப் பரப்பி, அதன்மேல் நுண்கோடுகளால் எழுத்துப்போன்ற உருக்களை நிரப்பினார். அவற்றுக்குப் பொருள் இருத்தல் ஆகாது என்பதே அவர் கருத்து. பொருள் புகுந்தால் கண் வாசிக்கத் தொடங்கும்; வாசிக்கத் தொடங்கினால் பார்ப்பதை நிறுத்திவிடும்.

'கிறுக்கலும் ஓவியமோ?' என்பார் உளர். கிறுக்குபவன் கைக்குக் கட்டுப்பாடு இல்லை. பணிக்கரோ பல்லாண்டு உருவம் தீட்டிப் பழகிய கையால், அறிந்தே பொருளை விலக்கினார். மேலும் இது நமக்கு முற்றும் புதிதன்று. சங்கச் சான்றோர்க்கு 'எழுதுதல்' என்பது ஓவியந்தீட்டுதலையும் குறித்தது. யாப்பருங்கல விருத்தி உருவெழுத்து என்றொரு வகையைக் கூறி, அதனை ஓவியன் கைவினைக்கு ஒப்பிடுகிறது. எழுத்தும் ஓவியமும் ஒருதாய் மக்கள் என்பதை நாமே மறந்துவிட்டோம்.

இவையெல்லாம் நூலறிவு. மாணவனின் கேள்வி என்னை உறுத்தியதற்கு வேறொரு காரணம் உண்டு.

என் ஊர் மண்டைதீவு. என் பேரனார் அங்கே சாதகம் கணித்தவர். பனையோலையில் எழுத்தாணியாற் கீறி, கரியும் இலைச்சாறும் பூசி எழுத்துக்குக் கருமையேற்றுவார். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அவர் ஏட்டுக்கட்டுகளை விட்டுவந்தோம். அம்மாவின் பெட்டியுள் ஓரேடு மாத்திரம் எஞ்சியது. ஊர் ஊராக அலைந்ததில் மழை நனைத்து மை கழுவுண்டு, பூச்சியும் அரித்து, அதில் எவருடைய சாதகம் இருந்தது என்பதும் அறியக்கூடாததாயிற்று.

"வாசிக்க முடியாத ஏடு எதற்கு அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். அப்போது நான் பண்டிதத் தேர்வில் தேறிய செருக்கில் இருந்தேன்.

"வாசிக்காட்டில் என்ன மோனை? அது அப்புவின்ரை கை" என்றார். ஏட்டைச் சுவாமியறையில் திரும்பவும் வைத்தார். அவருடைய பேதைமை என்றே அன்று எண்ணினேன்.

அம்மா இன்று இல்லை. பணிக்கரின் ஓவியத்தைக் கண்ட இரவு அவ்வேட்டை எடுத்து விளக்கருகே பிடித்தேன். வாசிக்க முயலவில்லை, பார்த்தேன். கீறல் ஆழ்ந்த இடமும் மெலிந்த இடமும் தெரிந்தன. ஓலையின் நரம்பு குறுக்கிடும் இடத்திற் கை சற்றே தயங்கியிருந்தது. வரியின் முடிவில் இடம் போதாமல் எழுத்துகள் நெருங்கியிருந்தன. நான் சிறுவனாய் அருகிருந்து கண்ட கை அதுவே. எங்கள் ஏட்டிற் பொருள் போனது கேட்டினால். பணிக்கர் பொருளை நீக்கியது துணிவினால். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பொருள் அகன்றபின்னும் கை எஞ்சும் என்பதை அம்மா எனக்கு முன்பே அறிந்திருந்தார்.

மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். "என்ன எழுதியிருக்கிறது ஐயா?" என்று மாணவன் மீண்டும் கேட்டான்.

"ஒன்றும் எழுதவில்லை, தம்பி. பார்" என்றேன்.