ஆடியில் வந்த காற்று ஐப்பசிக்கு வேண்டும்

ஆடி மாதத்தில் முப்பந்தலில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்கள் முதலில் வேட்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெண்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். இசக்கியம்மன் கோவில் வாசலில் ஒருவர் சூடம் கொளுத்த முயன்றுகொண்டிருந்தார். ஐந்து தீக்குச்சிகள் வீண். ஆறாவதைத் துண்டால் மறைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தபோதுதான் பற்றியது. அவருக்குப் பின்னால் மலையடிவாரம் முழுக்க வெள்ளைக் கம்பங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று இறக்கைகள். ஊர்க்காரர்களுக்கு இது 'காத்தாடி'. 'காற்றாலை' என்பது எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களின் சொல்.

இந்தக் காற்றுக்கு ஒரு பாதை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கும் கேரளத்துக்கும் நடுவே எழுப்பிய சுவர் மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று அதில் மோதி, மழையில் பெரும்பங்கை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆனால் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சுவரில் சில சந்துகள் உண்டு. முப்பந்தல் இருப்பது கடைசிச் சந்தின் வாயில். கிழக்கே நெல்லைச் சீமையின் தரை வெயிலில் காய்ந்து, அங்குள்ள காற்று சூடேறி மேலே கிளம்ப, அந்த இடத்தைப் பிடிக்க மேற்கிலிருந்து காற்று சந்து வழியே முண்டியடித்து வருகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் அமுக்கினால் பீய்ச்சுமே, அதே கணக்கு. 1809-ல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் படை ஆங்கிலேயரை மறித்து நின்றதும் இந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில்தான். மனிதர்களை அடைக்க அங்கே கோட்டைச்சுவர் இருந்தது. காற்றை யார் அடைக்க முடியும்?

சந்துக்கு இவ்வளவு மவுசு ஏன் என்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய மின்சாரம் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. கொஞ்சம் வேகம் கூடிய இடத்தைத் தேடிப் பிடித்தவருக்கு லாபம் கொட்டும்.

தமிழ்நாட்டில் இது தொடங்கியது 1986-ல், தூத்துக்குடிக் கடற்கரையில், அரசு சோதனைக்காக நிறுத்திய சிறு காற்றாடிகளோடு. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். தொண்ணூறுகளில் கோவை, ராஜபாளையம் மில்காரர்கள் உள்ளே வந்தார்கள். சுற்றுச்சூழல் அக்கறையில் வந்தார்கள் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். மெஷினின் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அன்று விதி இருந்தது. வரியை மிச்சம் பிடிக்க நட்ட கம்பங்கள் நூற்பாலைகளின் கரண்ட் பில்லையும் குறைத்தன. நல்ல காரியம் நல்ல எண்ணத்திலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

காற்றே வீசாத ஊரும் இதில் பங்கு கேட்டது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதை நட்டது உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் இடத்தில். அங்கே உற்பத்தியானதை மின்வாரியத்தின் கம்பியில் விட்டு, கணக்கில் வாங்கிக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாம் சுகமான கதை. சிக்கல், இந்தக் காற்று நம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. மே கடைசியில் தலைகாட்டி, ஆனி, ஆடி, ஆவணியில் பேயாக அடித்து, புரட்டாசி முடிவதற்குள் படுத்துவிடும். வருடம் முழுக்கக் கிடைக்கும் காற்று மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதத்திலேயே வந்துவிடுகிறது. நல்ல நாளில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் தரும் அதே கம்பங்கள், மார்கழியில் பெயருக்குச் சுற்றும். நமக்குத் தேவை உச்சத்தில் இருப்பது வேறொரு நாளில். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அக்னி நட்சத்திரம் பிறக்க இரண்டு நாள் இருந்தது. காற்று சீசன் இன்னும் சூடுபிடிக்கவில்லை.

2012 ஞாபகம் இருக்கிறதா? மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த வருடம் காற்று வீசிய வரை ஓரளவு தள்ளிக்கொண்டு போனது. காற்று நின்றதும், ஐப்பசியில் நிலைமை கையை மீறியது. எங்கள் தெருவில் இரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் மாவு அரைப்பார்கள். கிரைண்டர் சத்தத்தில் எழுந்து, யார் வீட்டில் முதலில் மோட்டார் போடுகிறார்கள் என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்போம்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஆடி இரவுகளில். மணி இரண்டு. மழைக்குளிர்ச்சியில் ஏசியை எல்லாம் அணைத்தாயிற்று. கணவாயில் காற்று அடித்து நொறுக்குகிறது. அவ்வளவு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. சென்னையில் இருக்கும் மின்சுமை கட்டுப்பாட்டு மையத்திலிருந்து சப்-ஸ்டேஷனுக்கு உத்தரவு வரும்: குறை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'பேக் டவுன்' என்பார்கள். காற்றை வெட்டிய இறக்கைகள் அதற்கு வழிவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஊரே பறக்கும் காற்றில் அத்தனை கம்பங்களும் சும்மா நிற்பதைப் பார்த்தால், அறுவடைக்கு நின்ற வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டது போல வயிறு எரியும்.

அனல் மின்நிலையத்தை நிறுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிலக்கரியிடம் ஒரு நல்ல குணம் உண்டு, காத்திருக்கும். யார்டில் குவித்து வைத்தால் வேண்டிய அன்று எரியும். கெட்ட குணம், அதன் அடுப்பைச் சட்டென்று அணைக்கவோ பற்றவைக்கவோ முடியாது. ஆறிப்போன பாய்லரைத் திரும்பச் சூடேற்றிக் கரண்ட் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் நடுராத்திரியில் வேண்டாவிட்டாலும், மறுநாள் சாயங்காலத்துக்காக அதைச் சிம்மில் எரியவிடுகிறார்கள். அந்தச் சிம்முக்கும் ஒரு எல்லை. முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கக்கூடாது என்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வரம்பு. அடுப்புக்காகக் காற்றை வீணடிக்கிறோம் என்று திட்டலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வேறு எதை வைத்துச் சமைப்பது என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு திட்டினால் நியாயமாக இருக்கும்.

அந்தப் பதில் நம்மிடம் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், பாறைக்குள் குடைந்து கட்டியது, 400 மெகாவாட். மிச்ச மின்சாரம் இருக்கும்போது கீழே மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை வரும்போது அதே தண்ணீரை, அதே இயந்திரங்கள் வழியாகவே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்ற நான்கு யூனிட் செலவானால் இறங்கும்போது ஏறக்குறைய மூன்றுதான் திரும்பும். நஷ்டம்தான். ஆனால் இரவு இரண்டு மணி யூனிட்டுக்கும் சாயங்காலம் ஏழு மணி யூனிட்டுக்கும் விலை ஒன்றல்ல. மில்களுக்கு 'பீக் அவர்' கட்டணம் 25 சதவீதம் கூடுதல் என்பதை யோசித்தால் புரியும். இதே போல 500 மெகாவாட்டில் நீலகிரியில் குந்தா திட்டம். அதைப் பற்றி நான் படித்த முதல் செய்திக்கும் இன்றைக்கும் நடுவே என் தலை பாதி நரைத்துவிட்டது.

பேட்டரி விலையும் மளமளவென்று இறங்கிவருகிறது. மத்தியானத்து வெயிலை ராத்திரிக்கு நகர்த்த அது போதும். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்தைப் போன்றவற்றுக்கு அதுதான் துணை. ஆனால் பேட்டரியானாலும் காடம்பாறையானாலும் நகர்த்துவது சில மணி நேரத்தை. ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவே மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை இதுவரை நாம் காகிதத்தில் கடந்துகொண்டிருந்தோம். பழைய காற்றாலை வைத்திருப்பவர் ஆடியில் மின்வாரியத்துக்குக் கொடுத்ததை வருடத்துக்குள் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெயரே 'பேங்கிங்'. கணக்கில் யூனிட் பத்திரமாக இருக்கும். நிஜத்தில் அது ஆடியிலேயே எரிந்து தீர்ந்திருக்கும். ஐப்பசியில் மில்லுக்குத் திருப்பித் தருவதற்கு வாரியம் வேறு எங்கேயாவது, பெரும்பாலும் நிலக்கரியில், புதிதாக உண்டாக்க வேண்டும். மில்காரர்கள் இதைத் தங்கள் உரிமை என்கிறார்கள், வாரியம் சுமை என்கிறது. வருடங்களாக இந்த இழுபறி ஓயவில்லை.

என்னைக் கேட்டால், நம்பிக்கை தருவது கரூர் பக்கம் புகளூரில் வந்து முடியும் ஒரு லைன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம், 6,000 மெகாவாட் தாங்கும். அங்கே நிலக்கரியில் எடுத்த மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரத்தான் முதன்மையாகக் கட்டினார்கள். ஆனால் ஓட்டத்தைத் திருப்பி, நம் காற்று சீசனில் இங்கே மிஞ்சுவதை வடக்கே அனுப்பவும் அதில் வசதி வைத்திருக்கிறார்கள். ஆடியில் நாம் கொடுக்கலாம். ஐப்பசியில் இங்கே அடைமழை மூட்டம் போட்டிருக்கும்போது ராஜஸ்தானில் வெயில் காயும், அதை வாங்கலாம். காற்றைச் சேமிக்க இடமில்லாவிட்டால், காற்று இல்லாத ஊரோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதுதான் வழி.

தேவையையே, மின்சாரம் மிஞ்சும் நேரத்துக்கு நகர்த்துவதும் உண்டு. குஜராத் 2020-ல் விவசாயிகளுக்குப் பகலில் த்ரீ-பேஸ் மின்சாரம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வரப்பில் நடந்து மோட்டார் போடப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாம்புக்கும் நிம்மதி.

முப்பந்தலுக்கு ஐப்பசியில் மறுபடி போனேன். வேட்டி அடங்கிக் கிடந்தது. பழைய கம்பங்களில் 250 கிலோவாட்டுக்கும் குறைந்தவை நிறைய. நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் முதலில் வந்த இந்தக் குட்டி மெஷின்கள்தான் பிடித்துவைத்திருக்கின்றன. இவற்றைக் கழற்றிவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் மெஷின்களை வைக்க 2024-ல் அரசு கொள்கை வகுத்தது. பக்கத்துக் காட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், சப்-ஸ்டேஷன் தாங்க வேண்டும், பழைய இறக்கைகளை எங்கே போடுவது என்று பார்க்க வேண்டும். ஒரு கம்பத்தின் அடியில் இரண்டு பையன்கள் கியர் பாக்ஸிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சீசனில் மெஷினை நிறுத்தினால் ஓனர் விடமாட்டார், இப்போதுதான் திறக்க முடியும். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து கிளம்பி, பாரதீப்பில் கப்பலேறி வந்த நிலக்கரி தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற காலம் அது.