மாதவிலக்கும் உணவும்

இது ஊராட்சி உறுப்பினர்கள் படிப்பதற்குரிய பொருளா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வீட்டில் யாருக்கு எதைப் பரிமாறுவது என்பதைத் தாயாரும் மாமியாருமே தீர்மானிக்கின்றனர் என்பது மெய்தான். ஆயினும் சந்தையிலிருந்து பயறும் கீரையும் வாங்கி வருவதும், பள்ளிக் கழிப்பிடத்திற்குக் குழாய் அமைக்கத் தீர்மானம் நிறைவேற்றுவதும் ஆடவர் கையிலும் இருக்கின்றன. ஆகவே இதனை அவர்களும் அறிந்திருத்தல் நலம்.

மாதவிலக்கில் வெளியேறுவது கெட்ட இரத்தம் என்று பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. கருவை ஏற்பதற்காகக் கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் ஒரு படலம் வளர்கிறது; கரு தங்காதபோது அப்படலம் இரத்தத்துடன் கழிகிறது. இதில் நஞ்சு ஏதுமில்லை. ஊறுகாய்ச் சாடியைத் தொட்டால் பூசணம் பிடிக்கும், துளசி வாடும் என்னும் அச்சம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதும் அன்று. 1920-ல் வியன்னா நகர மருத்துவர் பேலா ஷிக் என்பவர், மாதவிலக்கான பெண்ணின் கை பட்ட மலர்கள் விரைவில் வாடியதாக எழுதினார். பிற்கால ஆராய்ச்சியில் அக்கூற்று நிலைக்கவில்லை. ஊறுகாய் கெடுவது ஈரக் கரண்டியாலும் உப்புக் குறைவாலுமே.

இனி உணவுக்கு வருவோம். தயிர், மோர், புளி ஆகியவை குளிர்ச்சி. அவற்றை உண்டால் உதிரம் கட்டும், வலி மிகும் என்பர். எள், வெல்லம், பப்பாளி ஆகியவை சூடு; அவற்றால் உதிரப்போக்கு பெருகும் என்பர். இரண்டு விலக்குகளையும் ஒருங்கே கைக்கொண்டால் பெண்ணின் இலையில் வெறுஞ்சோறே மிஞ்சும். புளியை விலக்கினால் இரசமும் போயிற்று. உண்ட உணவு இரைப்பையிலும் குடலிலும் செரிக்கிறதேயன்றி, கருப்பைக்குள் சென்று எதையும் கட்டுவதில்லை. வயிற்றுவலிக்குக் காரணம், அப்படலத்தில் ஊறும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்வதாகும். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் சற்று நடப்பதும் வலியைத் தணிக்கும். மோரை நிறுத்துவதால் வலி குறையாது. நல்ல உணவொன்று குறைவதுதான் மிச்சம்.

எள்ளின் நிலை இன்னும் பரிதாபமானது. 100 கிராம் எள்ளில் சுண்ணாம்புச் சத்து 1,000 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. இரும்புச் சத்தும் மிகுதி. அதை மிகவும் வேண்டிய பெண்ணுக்கே மறுக்கிறோம். பழுத்த பப்பாளியும் அத்தகைய நல்லுணவே. நாள் தள்ளிப்போனமைக்கு அஞ்சிப் பப்பாளிக் காயையும் எருக்கம்பாலையும் இரகசியமாக நாடுவது வேறு. எருக்கம்பால் உயிருக்கே கேடு. அந்நிலையில் செல்லவேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்.

ஒரு மாதவிலக்கில் சாதாரணமாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் கழிகிறது. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதந்தோறும் நேரும் இந்நட்டத்தை உணவுதான் ஈடு செய்தல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் வகுத்த அளவின்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் இரும்பு தேவை. நம் வீடுகளிலோ ஆடவர் உண்டபின் எஞ்சியதே பெண்ணின் பங்கு. விளைவு யாது? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர். வயலில் களையெடுக்கையில் மூச்சு வாங்கி வரப்பில் அமரும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுமுன் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

தீட்டிய வெள்ளரிசி 100 கிராமில் இரும்பு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம். கம்பு விளைவிப்போர் அதை முழுவதும் விற்றுவிட்டு அரிசி வாங்கி உண்பது நல்ல கணக்கன்று. பயறு, கீரை ஆகியவற்றுடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்றைச் சேர்த்து உண்டால் இரும்பு உடலில் நன்கு சேரும். உணவுடன் தேநீர் பருகினால் அது தடைப்படும்.

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுப்பது முன்னோர் கண்ட நல்வழக்கம். பச்சை முட்டையை மட்டும் அவித்துக் கொடுத்தல் வேண்டும். பச்சையாக உண்பதால் நோய்க்கிருமிகள் தொற்றக்கூடும். வருத்தம் யாதெனில், சடங்கு முடிந்ததும் இவ்வுபசாரமும் முடிந்துவிடுகிறது. உதிரப்போக்கோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்கிறது.

தனிக்குடிசையில் இருத்தும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், தஞ்சாவூர் மாவட்டத்தில் பூப்பெய்தியமையால் குடிசையில் தங்கவைக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, தென்னை முறிந்து விழுந்து மாண்டாள். அத்தகைய குடிசை தம் ஊரில் இருப்பின், அக்குடும்பத்தாரிடம் உறுப்பினர்கள் நேரில் சென்று பேசுவது கடமையாகும்.

ஏழு நாட்களுக்கு மேல் உதிரம் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணிக்கொருமுறை துணி மாற்ற நேர்ந்தாலும், பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திராமல் மருத்துவரைக் காணவேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒருமுறை வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையைச் சிலர் வீட்டிற்குக் கொண்டுவந்து எறிந்துவிடுகின்றனர். மலம் கறுத்துப் போவதே இதற்குக் காரணம். அது இரும்பின் நிறமேயன்றி நோயன்று. உணவு உண்டபின் தண்ணீருடன் விழுங்கினால் குமட்டலும் குறையும்.