ஹெரால்டு காரும் குட்டி யானையும்

தியாகராய நகர் கடைத் தெருக்களிலும், மயிலாப்பூர் மாட வீதிகளிலும் இன்று எங்கு பார்த்தாலும் குட்டி யானை! கோவில் யானை அல்ல. ஜவுளி மூட்டையும், கட்டிலும் பீரோவும் சுமக்கும் "டாட்டா ஏஸ்" வண்டிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர்தான் இது.

இதே வீதிகளில் ஒரு காலத்தில் ஒய்யாரமாக ஓடியது "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார். இரண்டில் எது கெட்டி? ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வண்டலூர் கார்

ஹெரால்டு காரின் உருவத்தை வரைந்தவர், இத்தாலி நாட்டு மிக்கெலாட்டி. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் கார், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாராயிற்று.

இங்கிலாந்தில் இதற்கு 2 கதவுகள்தான். பாட்டியும் பேரனும் பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால், முன் சீட்டை மடக்கி நுழைய வேண்டும். 1968-ல் வண்டலூரில் 4 கதவு ஹெரால்டு செய்தார்கள். வேறு எந்த நாட்டிலும் இல்லாத கார் இது!

இதன் அடியில் லாரிக்கு இருப்பது போலத் தனி இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் பாகங்களைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நசுங்கிய பாகத்தை மட்டும் கழற்றிச் சரி செய்யலாம். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி 1988-ல் நின்றுவிட்டது. பழைய பாகங்களைத் தேடி அலைய வேண்டும்.

சின்ன என்ஜின், பெரிய சுமை

ஹெரால்டு என்ஜின் 948 சி.சி. பெட்ரோலில் ஓடுவது. 4 சிலிண்டர்கள். 2005-ல் வந்த முதல் குட்டி யானைக்கு 702 சி.சி. டீசல் என்ஜின். 2 சிலிண்டர்கள். 16 குதிரை சக்திதான். ஆனால் சுமப்பதோ 750 கிலோ!

எப்படி முடிகிறது? டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். கியர்களையும் இழுவைக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறார்கள். வேகம் குறைவு, இழுவை அதிகம். மேடு ஏறும் மாட்டு வண்டியைப் போல, நிதானமே அதன் பலம்.

திரும்புவதில் இரண்டும் கெட்டிக்காரர்கள். ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். குட்டி யானைக்குச் சுமார் 28 அடி போதும். மயிலாப்பூர் சந்துகளுக்கு ஏற்ற வண்டிகள்தான்!

ஒன்று அழகு, ஒன்று பிழைப்பு

50 ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி வகுத்தது. அப்படிப் பதிவு செய்த காரை அன்றாட வேலைக்கோ, வாடகைக்கோ ஓட்டக்கூடாது. குட்டி யானையோ ஓடினால்தான் காசு. அதன் சக்கரம் சுற்றினால்தான், தவணை கட்டும் டிரைவர் வீட்டில் உலை கொதிக்கும்.

ஆள் ஏற்றலாமா?

குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். 750 கிலோ தாங்கும் வண்டி 10 பேரைத் தாங்காதா என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பின்னால் ஏறி நிற்கிறார்கள்.

இது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. மூட்டையைக் கயிற்றால் கட்டலாம். மனிதரைக் கட்ட முடியுமா? அங்கே சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வண்டி கவிழ்ந்தால் தூக்கி எறியப்படுவார்கள்.

பழைய ஹெரால்டு வயதில் மூத்தது. ஆனாலும் அது ஆட்களுக்காகச் செய்த வண்டி. குட்டி யானை பலசாலி. ஆனாலும் அது சரக்குக்காகச் செய்த வண்டி. பீரோ குட்டி யானையில் போகட்டும். பிள்ளைகள் பஸ்ஸில் போகட்டும்!