சும்மா இருக்கிறவள்

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வருவோரிடம், "தாயாருக்கு என்ன உத்தியோகம்?" என்று நாம் கேட்பதுண்டு. "ஒன்றும் இல்லை, ஸார். வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்பார் தகப்பனார். அவர் போட்டிருக்கும் சலவைச் சட்டை, கையிலுள்ள சாப்பாட்டுத் தூக்கு, பக்கத்தில் தலைவாரிப் பொட்டிட்டு நிற்கும் குழந்தை, இம்மூன்றும் அந்தச் 'சும்மா'வின் காலை வேலைதான் என்பது அச்சமயம் அவர் நினைவுக்கு வருவதில்லை.

அவரை மட்டும் நொந்து பயன் என்ன? சமையற்காரியையே ஒருவர் மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுகிறது என்ற விசித்திரத்தைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920-லேயே எடுத்துக் காட்டினார். சாம்பார் அதே சாம்பார்தான். சம்பளம் நின்றவுடன் கணக்கிலிருந்தும் மறைந்துவிடுகிறது! 2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கோ, இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், சிறைக்கைதிகள் முதலியோருடன் சேர்த்து, வேலை செய்யாதோர் வரிசையில் வைத்தது. 2010-ல் சுப்ரீம் கோர்ட் இதை வன்மையாகக் கண்டித்தது. சர்க்கார் 2019-ல் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் குடும்பத்துக்காகச் சம்பளமின்றி நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் உழைக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிஷம்.

இவ்வுழைப்புக்கு விலை குறிக்கும் இடம் ஒன்று உண்டு. அது நஷ்ட ஈட்டு வழக்கு. 1989-ல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாப் பந்தல் தீப்பற்றிப் பலர் மாண்டனர். இறந்த இல்லத்தரசிகளின் பணிக்கு மாதம் 3000 ரூபாய் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் மதிப்பிட்டது. ஆக, மதிப்புப் பெறுவதற்கு மனைவி முதலில் இறக்கவேண்டியிருக்கிறது!

உயிரோடிருப்பவளுக்கு என்ன வழி? 2023 ஜூன் மாதத்தில் சென்னை ஹைகோர்ட் இதற்கு விடை கூறியது. கணவர் பல ஆண்டுகள் ஸவூதி அரேபியாவில் சம்பாதித்தார். மனைவி இங்கே குடும்பத்தை நடத்தினாள். அவர் பணத்தில் வாங்கிய சொத்து முழுவதும் தமக்கே என்று அவர் வழக்காடினார். கணவருக்கு எட்டு மணி நேர வேலை, மனைவிக்கோ விடுமுறையே இல்லை. அவள் உழைப்பை அவர் உழைப்புக்குக் குறைந்ததாகக் கொள்ளலாகாது என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. சொத்தில் அவளுக்குச் சமபங்கு என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பைக் கேட்கக் கணவர் இல்லை. வழக்கு நடக்கையிலேயே காலமானார். அதன்பின் தாயாருக்கு எதிராக வழக்கைத் தொடர்ந்து நடத்தியவர்கள், அவள் வளர்த்த பிள்ளைகள்.