எட்டாம் வகுப்பும் ஒரு விண்ணப்பமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், சகோதரி ஒருவர் நான்காக மடித்த கடதாசி ஒன்றுடன் என்னிடம் வந்தார். ரத்தோட்டைப் பக்கத்தில் மிளகு நாற்றுமேடை ஒன்றுக்கு மேற்பார்வையாளர் தேவை என்ற விளம்பரத்தின் போட்டோப் பிரதி அது.

"சாமி, பக்கத்து லயத்துப் பிள்ளை ஏ.எல். பாஸ் பண்ணிட்டு சும்மா இருக்கு. இது அதுக்குச் சரிவருமா, பாருங்க" என்றார்.

வாசித்துப் பார்த்தேன். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில் சித்தி. நாற்றுமேடை வேலையில் இரண்டு வருட அனுபவம். கணினி அறிவு விரும்பத்தக்கது. அந்தப் பிள்ளை மிளகுக் கொடியைக் கையால் தொட்டிருக்குமா என்பதே சந்தேகம். கடதாசியைக் கொண்டுவந்தவரோ பதினொரு வருடங்களாக நாற்றுமேடைகளில் நாட்கூலிக்கு வேலை செய்பவர்.

"நீங்கள் ஏன் போடக்கூடாது, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "நான் எட்டாம் வகுப்பு, சாமி."

எட்டாம் வகுப்போடு நின்றது அவருடைய குற்றமன்று. அவருடைய பெற்றோர் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வவுனியாப் பக்கம் போய், காடு வெட்டிக் காணி திருத்திக் குடியேறினார்கள். யுத்தம் அங்கேயும் வந்தது. 1997இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது இவர் எட்டாம் வகுப்பில் இருந்தார். பிறகு மரத்தடி, கூடாரம், உறவினர் வீடு என்று காலம் போயிற்று. யுத்தம் முடிந்த 2009இன் பின், தாய்வழிச் சொந்தங்களைத் தேடி மறுபடியும் மாத்தளைக்கே வந்து சேர்ந்தார்கள்.

இவ்விதழை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே. நாவுல, லக்கல பகுதிகளில் மொறகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காக வயலையும் வீட்டையும் விட்டு எழும்பியவர்களின் கதை வேறு விதமானது. என்றாலும் ஒரு விடயத்தில் எல்லோரும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம். காணி கையில் இருந்தவரை, "உமது தகைமை என்ன?" என்று யாரும் கேட்டதில்லை. விளைந்த நெல்லே பதில் சொன்னது. காணி போன பின்னர்தான் கடதாசி கேட்கிறார்கள். வேலை தெரிந்த மனிதர் ஒரே நாளில் "ஒன்றும் தெரியாதவர்" ஆகிவிடுகிறார். அதைவிட வேதனை, நாளடைவில் அவரே அதை நம்பத் தொடங்கிவிடுகிறார்.

இங்கே என்னுடைய தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சைக் குழுவில் நான் இருந்தேன். சிறு குளங்களையும் வாய்க்கால்களையும் திருத்தும் வேலைக்கு ஒரு கள உத்தியோகத்தர் தேவைப்பட்டது. வந்தவர்களில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தமது ஊரில் வட்டவிதானையாக இருந்தவர். குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு, கமக்காரரின் சண்டைகளைத் தீர்த்து வைத்து, துருசைத் திறக்கும் நாளையும் பூட்டும் நாளையும் சொல்லிப் பழகியவர். "உங்களுடைய தகைமை என்ன?" என்று கேட்டோம். "ஒண்டும் இல்லை, ஐயா" என்றார். வந்ததற்காகவே மன்னிப்புக் கேட்பவர்போல் கதிரையின் நுனியில் இருந்தார். நாங்களும் அவரது வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டோம். டிப்ளோமா முடித்த இளைஞர் ஒருவரைத் தெரிவு செய்தோம். அடுத்த போகத்தில் வாய்க்காலின் கடைசிக் காணிகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. மதகு வைத்த இடம் பிழை. அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. அவர் படித்ததைச் செய்தார். "உங்கள் ஊரில் கடைசிக் காணிக்கு எப்படித் தண்ணீர் விட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாதிப் பிழை எங்களுடையது என்று முன்பெல்லாம் சொல்லிக்கொள்வேன். இப்போது யோசித்தால் பாதிக்கும் மேல் எங்களுடையதுதான்.

ஆகவே அந்தச் சகோதரியை நான் இலேசில் விடவில்லை. மறுநாள் மாலை வரச் சொன்னேன். அவருக்காக ஒரு பழைய விண்ணப்பத்தின் கதையையும் தேடி வைத்தேன்.

கணித மேதை இராமானுஜனைப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அவர் வேலை தேடி அலைந்த கதையைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவிப்பணத்தை, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் சித்தியடையவில்லை. 1909இல் கலியாணமும் ஆயிற்று, வருமானம் இல்லை. 1912ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுதுவினைஞர் வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். மிகச் சிறிய கடிதம். மெட்ரிக்குலேஷன் சித்தியடைந்ததையும், எப்.ஏ. வரை படித்துச் சூழ்நிலைகளால் தொடர முடியாமற் போனதையும் ஒளிக்காமல் சொன்னார். உடனேயே, அந்தக் காலம் முழுவதையும் தாம் கணிதத்தில் செலவிட்டதையும், இந்த வேலையைச் செய்யத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கையையும் எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசையும் காட்டினார். மார்ச் முதலாம் திகதி மாதம் 30 ரூபா சம்பளத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் ஜனவரியில், அந்த மேசையில் இருந்தவராகவே, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலும் பல்கலைக்கழகப் படிப்புத் தமக்கு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

"அவர் பெரிய மேதை, சாமி. நான் மிளகுக் கன்று வைக்கிறவ" என்றார் சகோதரி. நியாயமான பேச்சு. ஆனால் துறைமுகக் கந்தோர் தேடியது மேதையை அல்ல, கணக்குப் பார்க்கும் எழுதுவினைஞரை. இல்லாததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, இருப்பதை விபரமாகச் சொன்ன முறையைத்தான் நாம் அவரிடம் இரவல் வாங்கலாம். நம்மவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. இல்லாததைப் பத்து நிமிடம் சொல்வார்கள். இருப்பதைச் சொல்ல வரும்போது மூச்சு முடிந்துவிடும்.

பிறகு இருவரும் விளம்பரத்தை வரி வரியாக வாசித்தோம். இந்த இடத்தில் வாசகர்களும் சற்றுக் கவனிக்க வேண்டும். அரசாங்க வர்த்தமானியில் வரும் பதவியென்றால் அங்கே சொல்லப்படும் தகைமை ஒரு மதில். ஆறு பாடம் என்றால் ஆறு பாடம்தான். அது இல்லாத விண்ணப்பம் முதலிலேயே கழிக்கப்படும். அதில் காசையும் மனதையும் செலவழிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தனியார் தோட்டம், கம்பனி, தொண்டு நிறுவனம் என்பவற்றின் விளம்பரங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. அவர்கள் எழுதுவது தங்களுக்கு வந்தால் நல்லது என்று நினைக்கும் ஆளை. அந்த ஆள் எல்லா நேரமும் வருவதில்லை. ஆறு பாடமும் கணினியும் உள்ளவர் வெயிலில் நின்று கன்று பார்க்க வருவாரா என்பது அவர்களுக்கும் கவலைதான். "விரும்பத்தக்கது" என்ற சொல் இருந்தால் அது கட்டாயமல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 2020இல் அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென ஒரு இலட்சம் வேலைவாய்ப்புத் திட்டத்தை அறிவித்தது. சாதாரண தரம் சித்தியடையாதவர்களுக்கே முதலிடம். அப்போது நம்மவர்கள் பலர் கூச்சமில்லாமல் விண்ணப்பம் நிரப்பினார்கள். படிப்பு இல்லை என்பதே அங்கே தகைமையாக இருந்தது. தொழில் தெரியாதவர் என்று எழுதக் கை நடுங்குவதில்லை. தொழில் தெரிந்தவர் என்று எழுதத்தான் நடுங்குகிறது.

சகோதரியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நாற்றுமேடையில் செய்வதையெல்லாம் சொல்லச் சொன்னேன். முதலில் "கன்று வைப்பேன்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டார். எந்தக் கொடியில் வெட்டுவீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. நிலத்தில் ஓடும் கொடியில், இளந்தலையும் வேண்டாம், முற்றிய அடியும் வேண்டாம். இளசு அழுகும், முற்றியது வேர் விடாது. நடுப்பகுதியில் கணுக்களை எண்ணி வெட்ட வேண்டும். பையில் மண் கலவையை இறுக்கினால் தண்ணீர் நிற்கும். பொலித்தீன் மூடியை ஒரேயடியாகத் திறந்தால் கன்று வாடிவிடும்; நாளுக்கு நாள் கொஞ்சமாகத் திறந்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஒரு பையில் நோய் கண்டால் அந்தப் பையை மட்டுமன்றிப் பக்கத்துப் பைகளையும் விலக்க வேண்டும். மேற்பார்வையாளர் வராத நாட்களில் ஆறு பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, மாலையில் எண்ணிக்கை எழுதுவதும் இவர்தான். இதைச் சொல்லும்போது அவர் மறந்தே போனார், அதற்குப் பெயர்தான் மேற்பார்வை என்பதை.

அவர் சொன்னவற்றையே விண்ணப்பமாக எழுதினோம், ஒரு பக்கத்துக்குள். படிப்பைப் பற்றி ஒரு வரி: எட்டாம் ஆண்டு வரை, 1997 இடப்பெயர்வால் தொடரவில்லை. அதற்கு மேல் சோகம் எதுவும் எழுதவில்லை. அகதி வாழ்க்கையை விபரித்து இரக்கம் தேடும் விண்ணப்பங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. வாசிப்பவர் கண் கலங்குவார். வேலையை வேறொருவருக்குக் கொடுப்பார். இரண்டாவது வரியிலிருந்து வேலை. எத்தனை வருடம், ஒரு பருவத்தில் எத்தனை கன்று, எத்தனை பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தது. கணினி தெரியாது, கைத்தொலைபேசியில் எண்ணிக்கையும் படமும் அனுப்பத் தெரியும் என்றும் எழுதினோம். நற்சான்றுக்கு என் பெயர் போதாது என்றேன். நான் அவருடைய நேர்மைக்குச் சாட்சி சொல்லலாம், கன்றுக்குச் சாட்சி சொல்ல முடியாது. முன்பு வேலை செய்த நாற்றுமேடைக்காரர் ஒருவரிடம் போய் இரண்டு வரி வாங்கி வந்தார். அவர் மறுக்கவில்லை, கேட்டதற்காக ஆச்சரியப்பட்டாராம்.

இடையில் யாரோ ஒருவர், பணம் கொடுத்தால் சாதாரண தரச் சான்றிதழ் "எடுத்துத் தருவதாக" அவரிடம் சொல்லியிருக்கிறார். இத்தகையவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பரீட்சைத் திணைக்களத்தில் சரிபார்க்க முடியும். பிடிபட்டால் வேலையோடு பெயரும் போகும்.

சான்றிதழுக்கு நேர்மையான வழியொன்று உண்டு. நம் குடும்பங்களில் மிகச் சிலரே அதை அறிவார்கள். இந்நாட்டில் தேசிய தொழிற்றகைமை முறை, அதாவது மக்கள் என்.வி.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் தொழிலாளர் சான்றிதழ்கள். பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் அதைப் பெறவேண்டும் என்பதில்லை. வேலை செய்தே தொழில் கற்றவர்களுக்கு ஆர்.பி.எல். என்ற முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ, 'நைட்டா' எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் ஒருவர் வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்த வேலைக்கான அத்தாட்சிகளையும் பார்ப்பார். மேசன், தச்சர், தையல், வாகனம் திருத்துதல் போன்றவை பலருக்கும் தெரிந்தவை. விவசாயத் தொழில்களுக்கும் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இதில் எனக்குப் பிடித்தது, பெயில் என்ற சொல் இல்லாதது. "தேர்ச்சி உண்டு" அல்லது "இன்னும் தேர்ச்சி இல்லை" என்றுதான் எழுதுவார்கள். குறைந்த பகுதியைப் பழகிக்கொண்டு மீண்டும் வரலாம்.

விபரம் கேட்க முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மாத்தளை மாவட்டத்தில் பதினொரு செயலகங்கள் உள்ளன. மனிதவலு, தொழில்வாய்ப்பு விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைக் கேளுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட வேண்டாம். தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நடைமுறையில் இழுத்தடிப்பு உண்டு என்பதை அனுபவத்தில் அறிவேன். இரண்டாம் தடவையும் போக வேண்டிவரும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை முன்னரே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள், விளம்பரம் வந்த பிறகு தேடத் தொடங்கினால் முடிவுத் திகதி போய்விடும்.

சகோதரியின் விண்ணப்பத்தை முடிவுத் திகதிக்கு மூன்று நாட்கள் இருக்கையில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பக்கத்து லயத்துப் பிள்ளையும் அனுப்பியது; அதற்கும் நானே எழுதிக் கொடுத்தேன். இருவரில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். பதிலைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். கையில் அந்தக் கொப்பி இருந்தது. கூட வேலை செய்யும் இரண்டு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். ஒருவர் ஆறாம் வகுப்பு. மற்றவர் பள்ளிக்கூடமே போகாதவர். ஆர்.பி.எல். படிவம் மூன்று வேண்டும், தமிழில் வேண்டும் என்றார்.