நோட்டுக்கு மூன்று வருடம்

போடிநாயக்கனூரிலும் சிலமலை போன்ற சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஏலத்தோட்டத்தை நம்பி வாழ்பவர்களிடையே பணம் பெரும்பாலும் அறிமுகத்தின் பேரில்தான் கைமாறுகிறது. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, தோட்டத்துக்கு உரம் என்று ஏதோ ஒரு அவசரம். வாங்குகிறவர் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார். கொடுத்தவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். “காய் விலை ஏறட்டும்ணே, மொத்தமா தந்துடுறேன்” என்ற பேச்சிலேயே ஒரு வருடம் போகிறது, இரண்டு போகிறது. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டு என்றால், அதன் தேதியிலிருந்து மூன்று வருடம் கடந்த பிறகு அதைக் காட்டி கோர்ட்டில் பணம் கேட்க முடியாது.

இதை விதிப்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதன் மூன்றாவது பிரிவு கண்டிப்பானது. கெடு தாண்டி வந்த வழக்கை, எதிராளி அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். மேல்முறையீடு தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். அந்தச் சலுகை புதிதாகப் போடும் அசல் வழக்குக்குக் கிடையாது. கெடு முடியும் நாள் மே மாதக் கோடை விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

கெடு முடிந்ததும் கடனே இல்லாமல் போய்விடுவதில்லை. வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. வாங்கியவர் மனமுவந்து திருப்பிக் கொடுத்தால் அது செல்லும். பிறகு அதைத் திரும்பக் கேட்க முடியாது.

கெடுவை நீட்டவும் வழி உண்டு. மூன்று வருடம் முடிவதற்குள் கடன்காரர் கொஞ்சம் பணம் கட்டி, அந்த வரவை நோட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடத் தொடங்கும். பணமே கட்டாமல் ‘இவ்வளவு பாக்கி உண்டு’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் அதே பலன். வாய்ப்பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. கெடு முடிந்தபின் எழுதும் வெறும் ஒப்புதலும் உதவாது. அப்போது ‘தருகிறேன்’ என்று எழுத்தில் புதிய வாக்குறுதியே தர வேண்டும்.

இந்த மூன்று வருடக் கணக்குக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1859-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த காலவரையறைச் சட்டம் கடன் பத்திரங்களுக்கு மூன்று வருட ஆயுள் வைத்தது. வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகாமல் தடுப்பது அதன் நோக்கம். நடந்தது நேர் எதிர். தக்காண மராட்டியப் பகுதியில் வட்டிக்காரர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கட்டாத வட்டியையும் அசலோடு சேர்த்து, குடியானவர்களிடம் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சூபா கிராமத்தில் வெடித்த கலவரத்தில் விவசாயிகள் தேடித் தேடி எரித்தவை கணக்குப் புத்தகங்களும் கடன் பத்திரங்களும்தான்.

அந்தக் கதை இன்னும் முடிந்துவிடவில்லை. நோட்டைப் புதுப்பிக்கும்போது வட்டியை அசலாக்குவதும், தேதியும் தொகையும் எழுதாத நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி வைப்பதும் இன்றும் நடக்கின்றன. தேதியில்லாத நோட்டு, கடன் வாங்கியவருக்குச் சட்டம் தந்த காலக்கெடு என்ற அரணையும் பறித்துவிடுகிறது. புது நோட்டில் கையெழுத்துப் போடுமுன் பழைய நோட்டைத் திரும்ப வாங்கியே தீர வேண்டும்.

நிலத்தில் விளைவு இன்னும் கடுமை. உரிமையாளர் தன் இடத்தை எதிர் அனுபவத்தில், அதாவது தன் ஒப்புதலின்றிச் சொந்தம்போல, வைத்திருப்பவர்மேல் 12 ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால், வழி மட்டுமல்ல, உரிமையே போய்விடும். அப்படி அனுபவித்தவர் அந்த உரிமையைக் கோரித் தானே வழக்குத் தொடரலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோட்ட வேலைக்காக மலையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுபவர்கள் ஊரிலுள்ள காலி மனையை அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வது நல்லது.

காசோலை விவகாரம் நாள் கணக்கில் நகர்கிறது. தேதியிட்ட மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும்.

தேனி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். விபத்து இழப்பீடு கேட்க 1994-க்குப் பிறகு காலக்கெடுவே இருக்கவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கால் முறிந்து கட்டிலில் கிடப்பவருக்கு ஆறு மாதம் ஒரு கணக்கா? இந்த விதியை எதிர்த்த வழக்கில், கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், தான் வசிக்கும் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். இது தெரியாமல் எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை.

குற்ற வழக்குகளில் தண்டனையின் அளவே கெடுவைத் தீர்மானிக்கிறது. அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்கு மேல் தண்டனை உள்ள கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்குக் கெடுவே இல்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதை மாற்றவில்லை. புகார் கொடுத்த நாளா, நீதிபதி அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்ட நாளா, எதைக் கணக்கில் கொள்வது என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. சென்னை இதய மருத்துவ நிறுவனம் ஒன்று எதிர்த்தரப்பாக இருந்த சாரா மாத்யூ வழக்கில், நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு புகார் கொடுத்த நாளே கணக்கு என்று 2013-இல் முடிவு கட்டியது. கோர்ட்டின் தாமதத்துக்குப் புகார்தாரர் பலியாகக் கூடாது என்பது நியாயமான நிலை.

கெடு இல்லாததன் அருமை தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குத் தெரியும். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, உயர் நீதிமன்றம்வரை போய் சி.பி.ஐ. விசாரணையைப் பெற்றன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

வாச்சாத்திக்குத் துணையாக ஒரு கட்சியும் சங்கமும் நின்றன. அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானச் சான்று இல்லாமலேயே அங்கே வக்கீலைப் பெறலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். நோட்டு, காசோலை, விபத்து எதுவானாலும், போகும்போது தேதி தெரியும் காகிதத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.